செல்வி அக்காவின் கிரகங்கள் கொட்டிய நாள்

காவலுக்கு நிற்பவர்களிடம் ஒரு குணம் உண்டு. எதைக் காக்கிறோம் என்பதைவிட யாரைத் தடுக்கிறோம் என்பதில்தான் அவர்களுக்கு ருசி. கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலை மறித்து நிற்கும் ஒன்றுவிட்ட பெரியப்பாவைக் கவனித்திருந்தால் இது தெரிந்திருக்கும். உள்ளே பாயசம் கொட்டிக்கொண்டிருக்கும், அவர் வாசலில் நின்று பெண் வீட்டாரைத் தடுத்துக்கொண்டிருப்பார்.

இன்று நான் செய்வதும் காவல் வேலைதான். கம்பெனிகளின் கம்ப்யூட்டர், லேப்டாப், கைபேசி என்று கடைசி ஊழியர் கையில் இருக்கும் கருவி வரைக்கும் வைரஸ் நுழையாமல் பார்த்துக்கொள்வது. எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு அனுபவம் எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு செருப்பு ஸ்டாண்டில் தொடங்கியது என்று சொல்வேன். (நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.)

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வீட்டில் நல்ல பெண் போல நடித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவர் பக்கத்துத் தெரு செல்வி அக்கா. எஸ்டேட்டில் லாரிகளில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் சின்ன கம்பெனி. முதலாளி அவருடைய அண்ணன். அக்கா அங்கே கணக்குப் பார்த்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம், தொடுவதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், நீ வா என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான். அண்ணனிடம் என்னை 'கம்ப்யூட்டர் எக்ஸ்பெர்ட்' என்று அறிமுகம் செய்தார். அந்தப் பொய்க்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. முதலாளி தன் அறையில் மின்விசிறியோடு வியர்த்துக்கொண்டிருப்பார், அதற்கு ஏசி அறை. கதவுக்குத் திரை. டிவிக்குத் தைப்பதுபோல என் அம்மா சுருக்கு வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். கீபோர்டைப் பூட்டும் சாவியைச் சேஃப்டி பின்னில் கோத்துத் தாவணி மடிப்பில் குத்தியிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அறை வாசலில் ஒரு பலகை: 'காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.' தூசி போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டேன். விற்பனை வரி அதிகாரியை வெறுங்காலில் நிற்க வைத்திருக்கிறேன். முதலாளியையே ஒருமுறை, "சார், செருப்பு" என்று திருப்பி அனுப்பினேன். அவரும் பயபக்தியோடு திரும்பிப் போனார்.

இத்தனை கெடுபிடிக்கு நடுவே என் கைப்பையில் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. கூடப் படித்த தோழி காப்பி எடுத்துக் கொடுத்த ஜாதக ஃப்ளாப்பி. பிறந்த தேதி, நேரம், ஊர் போட்டால் போதும், திரையில் பன்னிரண்டு கட்டமும் வந்துவிடும். கிரகங்களுக்கு ஆங்கில எழுத்து. குருவுக்கு ஜி, யு. சனிக்கு எஸ், ஏ. இரண்டு ஜாதகத்தைப் போட்டால் பொருத்தமும் சொல்லும். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் ஜனங்கள் பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. மோல்டிங் செக்‌ஷனில் ஆரம்பித்து, கேன்டீன்காரர், பக்கத்துக் கம்பெனிக்காரர், பக்கத்து ஊரான பாடியிலிருந்து லோடு எடுக்க வரும் லாரி டிரைவர் வரை எல்லோரும் பிறந்த நேரத்தோடு வந்து நின்றார்கள். அந்த ஃப்ளாப்பி தெருவில் வாரப் பத்திரிகை கைமாறுவதுபோல எஸ்டேட் முழுக்கச் சுற்றிவிட்டு என்னிடம் திரும்பி வரும். வந்தவர்களின் செருப்பைக் கழற்றச் சொன்னேனே தவிர, வந்த ஃப்ளாப்பியை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சில நாளாகத் திரையில் ஓரிரு எழுத்துகள் தானாக நழுவிக் கீழே விழுவதைப் பார்த்தேன்தான். வோல்டேஜ் குறைவு என்று முடிவு கட்டி, முதலாளியை நச்சரித்துப் புது ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். எக்ஸ்பெர்ட் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் செல்வி அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. அக்காவுக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. ஒவ்வொரு வரனும் ஜாதகத்தில் தட்டிப் போகும். ஒவ்வொரு முறையும் அக்கா, "சரி விடு, பஜ்ஜி மிச்சம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு வரவர மெலிந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். இந்த வரனை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பூந்தமல்லிப் பக்கம். மாப்பிள்ளை கருணாகரன், ஆவடியில் அரசு வேலை. அக்கா அவரைப் பேருந்தில் பார்த்திருக்கிறாராம். "நின்னுக்கிட்டே தூங்குவாரு உமா, யார் மேலயும் சாயாம" என்றார் அக்கா. அவர் ஒரு ஆணைப் பற்றிப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாய்மாமா ஏழுமலை வைத்ததுதான் சட்டம். பாடியில் ஒரு பட்டறையில் பல வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையால் எழுதிய ஜாதகத்தை அவர் நம்ப மாட்டார். "மன்சன் எய்தறான், மன்சன் மாத்தறான். மிசினு பொய் சொல்லாது. கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டு, என் கண்ணால பாக்கணும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. மாங்காட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் நேரே கம்பெனிக்கு வருவதாக ஏற்பாடு. பெண் பார்க்கும் படலம் எங்கள் ஏசி அறையில். ஏற்கெனவே பொருத்தம் போட்டுப் பார்த்துவிட்டேன், பிரமாதமாக வந்திருந்தது. "என் வாழ்க்கை உன் கைல இருக்குடி" என்றார் அக்கா. நான் ஃப்ளாப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொருகினேன்.

வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவர்களை எட்டிப் பார்க்க மோல்டிங் செக்‌ஷன் முழுக்க வந்து, என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவுத் திரைக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். ஏழுமலை மாமா கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவின் ஜாதகத்தைத் திரையில் வரவழைத்து, ஸ்கேலால் தொட்டுத்தொட்டு விளக்கினேன். "இது குரு, ஏழாம் இடத்தைப் பார்க்கிறாரு. இது சுக்கிரன்..."

குருவின் ஜி மெல்ல ஆடியது. பிறகு கட்டத்தை விட்டு இறங்கி, திரையின் அடிவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

"இன்னாமா இது?" என்றார் ஏழுமலை மாமா. "குரு உயுந்துட்டாரு?"

அந்த நொடியில் என் வாயில் வந்ததை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. "அது... குருப்பெயர்ச்சி ஐயா. கம்ப்யூட்டர்ல உடனுக்குடனே காட்டும்" என்றேன்.

மாமா ஒரு கணம் நம்பிவிட்டார். மரியாதையோடு தலையைக்கூட ஆட்டினார். ஆனால் சுக்கிரனுக்கு அவசரம். அவர் விழுந்தார். பின்னாலேயே செவ்வாய், புதன், கட்டங்களின் கோடுகள், கடைசியில் தமிழ்ச்செல்வி என்ற அக்காவின் முழுப்பெயரே எழுத்து எழுத்தாகக் கொட்டத் தொடங்கியது. ஒன்பது கிரகமும் திரையின் அடியில் பெருக்கித் தள்ளிய குப்பை போலக் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எக்கா, நான் பாத்த ஜாதகத்துல ஒண்ணு ரெண்டு கெரகம் சரியில்லாம இருந்துகீது" என்றார் மாமா அந்த அம்மாளிடம். "மொத்தமா இப்டி கொட்டி இப்பத்தான் பாக்கறேன்."

அப்போதுதான் அக்கா கேசரித் தட்டோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். தன் பெயரின் கடைசி எழுத்து இறங்கி வருவதைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், தட்டு ஆட ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி முகத்தில் ரத்தமில்லை. நான் தொலைந்தேன், அக்கா தொலைந்தார், எல்லாம் என்னால் என்று எனக்கு அழுகை முட்டியது.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். (கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.) பிறகு திரையைப் பார்த்தார். "மாமா, இது வைரஸ்" என்றார்.

"பொண்ணுக்கா?"

"கம்ப்யூட்டருக்கு. நான் கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட எடத்துலயும் வந்துச்சு. யாரோ கெட்ட புத்தியில எழுதிவிட்ட புரோகிராம். ஃப்ளாப்பி வழியா வரும், எழுத்த எல்லாம் கொட்டிவிடும்." என்னைப் பார்த்து, "வெளி ஃப்ளாப்பி ஏதாவது போட்டீங்களா?" என்றார்.

முதலாளியும் என்னைப் பார்த்தார். "யாரு கொண்டாந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நான்தாண்ணா கேட்டேன். என் ஜாதகத்தப் பார்க்கணும்னு உமாவ நான்தான் தொந்தரவு பண்ணேன்." அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன் தலைக்கு மேலேயே கத்தி தொங்கும்போது என் வேலையைக் காப்பாற்றத் தோன்றியதே, அந்த மனசை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஆனால் ஏழுமலை மாமா லேசுப்பட்டவர் அல்ல. "சரி மாப்ள. மிசினுக்கு நோவுன்னா அது சொன்ன பொருத்தம் மட்டும் எப்டி சரியாவும்?"

"கணக்கு சரியாத்தான் போடும் மாமா. எழுத்துதான் விழும். யாரு ஜாதகத்தப் போட்டாலும் விழும்."

"யாருத போட்டாலுமா? அப்ப எனுத போடு. எனுதும் உயுந்தா நோவு மிசினுக்கு. உயலேன்னா நோவு ஜாதகத்துக்கு. நாங்க கெளம்பிக்கினே இருப்போம்."

நான் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, அதே ஃப்ளாப்பியைச் சொருகினேன். மாமா பிறந்த நேரத்தில் ஒரு சிக்கல். "பால் கறக்கற நேரம்னு அம்மா சொல்லும்" என்றார் அவருடைய அக்கா, மாப்பிள்ளையின் அம்மா. "காலைப் பாலா, சாயங்காலப் பாலா?" என்றேன். அக்காவுக்கும் தம்பிக்கும் அதில் ஒரு சண்டை நடந்து, காலை ஐந்து என்று தீர்ப்பானது. கட்டம் வந்தது. சனி ஒரு கட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை.

இந்த வைரஸ் நினைத்த நேரத்தில்தான் வேலை செய்யும், கூப்பிட்டால் வராது. கேசரி ஆறியது. திரைக்குப் பின்னால் மோல்டிங் செக்‌ஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருவர், "உயு நைனா, உயு" என்று முணுமுணுப்பது கேட்டது. நான் மாங்காட்டு அம்மனை வேண்டினேன். தாயே, இந்த வைரஸை வரவை, உனக்கு எலுமிச்சை மாலை போடுகிறேன் என்று வேண்டினேன். இத்தனை வருஷமாக வைரஸ் வரக்கூடாது என்றுதான் சம்பளம் வாங்குகிறேன், வரவேண்டும் என்று கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். அக்காவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

ஏழுமலை மாமா எழுந்தார். "போலாமா எக்கா? என் கெரகம் கல்லு மாதிரி கீது." அந்த அம்மாளும் எழுந்தார். கருணாகரன் மட்டும் எழவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் மாமா" என்றார். மாமா கேட்கவில்லை, கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அங்கே என் காவல் வேலையின் பலன் காத்திருந்தது. கம்பெனியிலுள்ள அத்தனை பேர் செருப்பும் ஒரே குவியலாகக் கிடந்தது. பாதிக்கு மேல் ஒரே மாதிரி நீல வார் ரப்பர் செருப்பு. மாமா குனிந்து கிளறினார். "இன்னாயா இது, கோயில் வாசல் தேவலாம்" என்று திட்டிக்கொண்டே ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பார், கழற்றுவார், இன்னொன்றை எடுப்பார். மோல்டிங் செக்‌ஷன் ஆட்கள் உதவுகிறேன் பேர்வழி என்று குனிந்து இருந்ததையும் கலைத்துவிட்டார்கள். (வேண்டுமென்றே செய்தோம் என்று பிற்பாடு எனக்குச் சாமி சத்தியம் செய்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.)

மாமாவுக்கு ஒரு கால் செருப்பு கிடைத்திருந்தது. உள்ளேயிருந்து அக்கா அலறினார். "விழுந்துச்சு! விழுந்துச்சு!"

மாமா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். திரையில் சனியின் எஸ் கட்டத்தை விட்டு இறங்கி, அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய வாழ்க்கையிலேயே மகத்தான அந்தத் தருணத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, செருப்பு" என்றேன். பழக்கதோஷம். அவரும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கையில் செருப்போடு வெகுநேரம் திரையைப் பார்த்தார். "சனியா அது?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு ஏழரை நடந்துகினு கீது" என்றார், குரல் இறங்கி. "ரெண்டு வருசமா படாத பாடு பட்டுட்டேன். இப்ப... கீய உயுந்துட்டாரா?"

கருணாகரன்தான், "விழுந்துட்டாரு மாமா, நீங்களே பாருங்க" என்றார். (அரசு ஊழியர், பொய் சொல்லவில்லை.)

மாமாவின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! "பொண்ணு ஊட்டு எடத்துல காலு வெச்சதும் சனி எறங்கிட்சி எக்கா. இதவிட இன்னா பொருத்தம் வோணும்?" என்று கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முதலாளி சந்தோஷத்தில், அடுத்த எழுத்து விழுவதற்குள், பாய்ந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு முதலாளி முன்னால் போய் நின்றேன். "நாளைக்கு வரட்டுமா சார்?" என்றேன். "வராம? அசிங்கம் பண்ணிட்டு யாரு கழுவுறது?" என்றார். அதைவிட அன்பான வேலை உத்தரவை நான் வாங்கியதில்லை.

கழுவுவது சாமான்யமாக இல்லை. அந்த ஃப்ளாப்பி போன இடமெல்லாம் வைரஸும் போயிருந்தது. போய்ச் சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் எஸ்டேட்டில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் கொட்டும். அக்காதான் வழி கண்டுபிடித்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க எப்படியும் எல்லாக் கம்பெனிக்கும் போகவேண்டும், கூடவே இதையும் செய்துவிடலாம் என்றார். அக்கா தாம்பாளத்தில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்து நீட்டி, குடும்பத்தோடு வரவேண்டும் என்பார். அவர்கள் குங்குமத்தை எடுத்துக்கொள்ளும்போதே கருணாகரன், "உங்க கம்ப்யூட்டர கொஞ்சம் பார்த்துடலாமா சார்" என்று வைரஸ் நீக்கும் ஃப்ளாப்பியை எடுப்பார். நான் பின்னால் நின்று அசடு வழிவேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. கல்யாண வீட்டாரைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

ஃப்ளாப்பியின் ஓரத்தில் சின்னதாக வெட்டு ஒன்று இருக்கும். அதை அடைத்துவிட்டால் அதில் எதுவும் எழுத முடியாது, வைரஸும் தொற்றாது. அதை எனக்குக் கற்றுத் தந்தது கருணாகரன்தான். அடைப்பதற்கு வரும் காகிதம் முதல் நாளே தீர்ந்துவிட்டது. அக்கா கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். பெரிய சைஸ், மெரூன் நிறம். மடித்து ஒட்டினால் கச்சிதமாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி ஃப்ளாப்பிகள் அந்த வருஷம் முழுக்க அக்காவின் பொட்டோடுதான் இருந்தன. அந்தப் பொட்டுகளுக்கு நடுவேதான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப் போனது. சோறு போடும் தொழிலை அவர்கள் இரண்டு பேரும் எனக்கு மொய் வாங்காமல் தந்தார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எலுமிச்சை மாலையும் போட்டாயிற்று.

ஏழுமலை மாமாவுக்கு இப்போது தொண்ணூறைத் தொடும் வயது. வைரஸ் என்றால் என்னவென்று அவருக்கு நாங்கள் எத்தனையோ முறை விளக்கிவிட்டோம். கேட்டுக்கொள்வார், நம்பியதில்லை. ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் அக்கா வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்துவிடும். போன முறையும் வந்தது. அலுவலகத்தில் ஒரு பெரிய கம்பெனிக்காரர்களை உட்கார வைத்து, எங்கள் பாதுகாப்பைத் தாண்டி ஒரு ஈ நுழையாது என்று நான் அளந்துகொண்டிருந்த நேரம்.

"எம்மா உமா, நல்லாகீறியா?" என்றார் மாமா. "அன்னிக்கு உன் மொதலாளி அவசரப்பட்டு மிசின நிறுத்திட்டாரு. எஸ்ஸு உயுந்துட்சி, ஏ இன்னும் மேலயே தொங்கிகினு கீது. மீதிப் பாதிதான் என்ன இம்சை பண்ணுது. அந்த வைரஸு எங்கனா கெடச்சா ஒண்ணு எடுத்துகினு வாயேன்."

பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. கேசரித் தட்டு ஆடிய அன்றைய அதே சிரிப்பு, கொஞ்சமும் மெலியவில்லை.

"தேடிப் பார்க்கிறேன் மாமா" என்றேன்.